அவர் சோம்பேறியா, பாவப்பட்டவரா?

டென்மார்க்கில் வரியும் அதிகம், அரசு தரும் உதவியும் அதிகம். அமெரிக்காவில் இரண்டுமே குறைவு. டேனிஷ்காரர்களுக்கு இளகிய மனசு, அமெரிக்கர்களுக்குத் தன் காலில் நிற்பதுதான் பெருமை என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுவோம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக அரசியல் ஆய்வாளர்கள் லேனே ஆரோ, மிக்கேல் பாங் பீட்டர்சன் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தபின் அப்படிச் சொல்வது கஷ்டம்.

அரசு உதவிப் பணத்தில் வாழும் ஒருவரைக் காட்டி, இவரைப் போன்றவர்களுக்கு விதிகளை இறுக்கலாமா என்று இரு நாட்டு மக்களிடமும் கேட்டார்கள். சிலரிடம் அவரைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. சிலரிடம், ஆள் திடகாத்திரமானவர், நிலையாக ஒரு வேலையில் இருந்ததில்லை, தேடும் எண்ணமும் இல்லை என்றார்கள். மற்றவர்களிடம், எப்போதும் உழைத்தவர், வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார், மறுபடி வேலைக்குப் போகத் துடிக்கிறார் என்றார்கள்.

விவரம் சொல்லாதபோது டேனிஷ்காரர்களே தாராளமாக இருந்தார்கள். விவரம் தெரிந்ததும் அந்த இடைவெளி காணாமல் போனது! அடிபட்டவருக்கு இரு நாட்டிலும் ஆதரவு, சும்மா இருப்பவர் மேல் இரு நாட்டிலும் கோபம்.

ஒருவர் எவ்வளவு ஏழை என்பதைவிட, அந்த நிலைமைக்கு அவரே காரணமா என்றுதான் மனம் முதலில் பார்க்கிறது. வேட்டையில் கிடைத்ததைப் பகிர்ந்து தின்ற காலத்தில் படிந்த பழக்கம் இது என்பது பீட்டர்சனின் வாதம். இன்று வெறுங்கையோடு திரும்பியவர் நாளை நமக்குப் பங்கு தருவார். வேட்டைக்கே வராதவர் தரமாட்டார்.

ஆள் யாரென்றே தெரியாதபோது, ஊரில் உலவும் பிம்பத்தை எடுத்து மனம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. ஏழைகள் சோம்பேறிகள் என்று நினைத்த அமெரிக்கர்கள் 60 சதவீதம், ஐரோப்பியர்கள் 26 சதவீதம் என்று அலெசினா, கிளேசர், சேசர்டோட் என்ற பொருளாதார நிபுணர்கள் மூவரும் 2001-ல் கணக்குக் காட்டினார்கள். இரக்கத்தின் அளவு ஒன்றுதான், பிம்பம்தான் வேறு.

உதவிக்குத் தகுதியானவர் யார் என்ற இந்தக் கேள்வி நம் ஊரிலும் உண்டு. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி வாங்க வருமானச் சான்று கேட்பதில்லை. 'கார்ல வந்து வாங்கிட்டுப் போறாங்க' என்ற முணுமுணுப்பு உண்டுதான், ஆனாலும் அது பெரிதாக வளர்வதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கோ ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் வைத்தார்கள். வரம்பு வைத்தால் செலவு மிச்சம். கூடவே, பக்கத்து வீட்டு மீட்டரையும் வாசலில் நிற்கும் வண்டியையும் எட்டிப் பார்க்கும் வேலையும் ஆரம்பித்துவிடுகிறது.