மதிலடிச் சருகை ஏப்ரல் வரை விட்டுவையுங்கள்

நுவரெலியாவில் உல்லாசப் பயணிகள் கூடும் ஏப்ரல் சீசனுக்கான வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். வசந்தகால விழாவுக்குப் பூ நிற்க வேண்டுமென்றால் பெப்ரவரி தொடக்கத்தில் ரோசாவைக் கவ்வாத்துப் பண்ணியாக வேண்டும், பாத்தி கொத்தி நாற்று வைத்தாக வேண்டும். பழைய துரை பங்களாக்களின் பூந்தோட்டங்களைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் பல இப்போது ஹோட்டல்கள். இந்தச் சீசன் அவசரத்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரு வேலை நடக்கிறது: கருங்கல் மதிலோரத்தைச் சுரண்டி, சருகைக் கூட்டிக் கொளுத்துவது. அதை நிறுத்தச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வானம் தெளிந்து காற்றே இல்லாத இரவுகளில்தான் துகள் பனி விழும். பகலில் வாங்கிய சூட்டை நிலம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று பாரமாகிச் சரிவில் இறங்கி, தாழ்ந்த மூலையில் தேங்கும். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் டேலியாவும் ஃபியூஷியாவும் கருகித் தொங்கும். ஆனால் பின்னேர வெயில் பட்ட கல்மதில் இரவு முழுக்க மெல்ல மெல்லச் சூட்டை விடும். அதனால் மதிலை ஒட்டி ஓரிரண்டு அடி அகலத்துக்குப் பனி பிடிப்பது குறைவு. அங்கே சருகும் கிடந்தால் மண் காயாது. மண்புழு, வண்டுப்புழு, சிலந்தி, சிறுநத்தை எல்லாம் அதற்குள் ஒதுங்கும். மழை குறைந்து தோட்டமே வறண்டு கிடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பறவைக்குத் தீனி கிடைக்கிற இடம் அதுதான்.

ஆறுமணிக் குருவியைக் கவனித்துப் பாருங்கள். காலையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். பச்சை முதுகு, கண்ணைக் கடந்து போகும் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. ஒரு சருகை அலகால் கவ்வி ஓரமாக வீசும். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்கும். குட்டை வாலை மெதுவாக ஏற்றி இறக்கும். அப்புறம் அடுத்த சருகு. கூட்டிச் சுத்தம் பண்ணிய தரையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அதே சருகில், இன்னும் இருட்டான மூலையில், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூங்குருவி மேயும். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியும். நேபாளம் போன்ற இமயமலைப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வருவது இது. மிகவும் கூச்சமுள்ள பறவை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் உடனே செடிக்குள் போய்விடும்.

நான் மிகவும் கவலைப்படுவது காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பற்றித்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. கமேலியாவின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலைச் சட்டென்று மேலே தூக்கும். தரையில் எதையாவது கண்டால் இறங்கிப் பிடித்துக்கொண்டு கிளைக்கே திரும்பும். காஷ்மீரையும் அதை அடுத்த மலைகளையும் விட்டால் இது கூடு கட்டுகிற இடம் வேறு இல்லை என்றே சொல்லலாம். குளிர்காலத்துக்கு இலங்கையின் மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வருகிறது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. மார்ச் கடைசிக்குள் புறப்பட்டுவிடும். இங்கிருந்து காஷ்மீர் சுமார் 3,000 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய வாரங்களும், நாம் மண்வெட்டியோடு மதிலடிக்குப் போகிற வாரங்களும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

தோட்ட வேலை செய்கிறவர்களை இதில் குறை சொல்ல முடியாது. "சருகு கெடந்தா மேனேஜர் ஏசுவாருங்க ஐயா" என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை. அதனால் நான் மேனேஜரிடம்தான் பேசுகிறேன். 1897இல் திறந்த விக்டோரியா பூங்காவுக்கு இதே பறவைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விடியற்காலைக் குளிரில் அங்கே ஓடும் கானின் ஓரத்தில் கமராவோடு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். உங்கள் ஹோட்டல் வராந்தாவிலிருந்தே அதைக் காட்டலாம் என்று சொன்னால் பெரும்பாலானோர் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

சரி, சீசன் வேலையும் நடக்க வேண்டுமே. புல்தரையிலும் நடைபாதையிலும் விழுகிற இலையைக் கூட்டி மதிலடியில் போடுங்கள், கொளுத்த வேண்டாம். ரோசா அடியில் கிடக்கும் கரும்புள்ளி விழுந்த இலையை மட்டும் தனியாக அள்ளி அப்புறப்படுத்துங்கள். அது கிடந்தால் புதுத் தளிரிலும் நோய் ஏறும். பனியில் கருகிய ஃபியூஷியாக் கிளையை உடனே வெட்ட வேண்டாம். கருகிய இலைதான் உள்ளே இருக்கும் மொட்டுக்குப் போர்வை. முன்னதாக வெட்டினால் புதுத் தளிர் கிளம்பி அடுத்த பனியில் அதுவும் போய்விடும். பனிக்காலம் கழிந்த பிறகு வெட்டினால் போதும்; அதுவரை குருவிகளுக்கும் மறைவு கிடைக்கும். மதிலோரத்தில் கவ்வாத்துப் படாமல் மரமாகிப்போன பழைய தேயிலை நின்றால் அதையும் விட்டுவிடுங்கள். இலங்கைக்கே உரிய வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து அதில் பூச்சி பொறுக்கும்.

மதிலடியில் களைநாசினி அடிக்காதீர்கள், கையால் பிடுங்குங்கள். மெட்டல்டிஹைட் கலந்த நத்தைக் குளிசை நத்தையோடு நிற்காது. அதைத் தின்றால் நாய்க்கும் பறவைக்கும் நஞ்சு. நாற்றுப் பாத்தியில் நத்தைத் தொல்லை என்றால் இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவதுதான் நல்லது. பறவை வரட்டும் என்று உண்ணிச்செடி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கொண்டைக்குருவிகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்விடும். பிதுருதலாகலை மலைக்காடு இங்கே பக்கத்தில்தானே இருக்கிறது?

கண்ணாடியில் மோதி விழுந்த குருவியைக் கண்டால் தண்ணீர் புகட்டாதீர்கள். காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் செடிப் பக்கமாகத் திறந்துவிடுங்கள். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழைக்கலாம்.

மதிலடியைத் துப்புரவு செய்யும் வேலையை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். வந்த பறவைகள் அதற்குள் போயிருக்கும். பெப்ரவரி வேலை அட்டவணை எழுதும்போதே "மதிலோரம் மூன்றடி, கை வைக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் இருந்தால் கூட்டுகிற ஆளுக்கு ஏச்சு விழாது.