சு கொன்னொத்து: ஆட்டு மந்தைகளின் ஊரில் பிறந்த ஒரு சொல்

இத்தாலியின் தீவான சார்தீனியாவில் பேசப்படும் சார்தீனிய மொழியில் 'கொன்னொத்து' என்றால் 'அறிந்தது'. அறிதலைக் குறிக்கும் 'கோக்னோஸ்கெரே' என்ற லத்தீன் வினைதான் இதற்கு மூலம். முன்னால் வரும் 'சு' சுட்டுபோல நிற்கும் சிறுசொல். 'தானே' என்று பொருள்தரும் லத்தீன் 'இப்சு' தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு 'கொன்னொத்து' சட்டென்று பிடிபடும். நம் வினையாலணையும் பெயர் மாதிரிதான்.

ஆனால் சார்தீனியாவின் மலையூர்களில் 'சு கொன்னொத்து' என்று சொன்னால், அது மண்டைக்குள் இருக்கும் அறிவு அல்ல. எந்த மலைச்சரிவில் யார் ஆடு மேய்க்கலாம், எந்தக் காட்டில் விறகு எடுக்கலாம், ஓக் மரக் கொட்டை உதிரும் காலத்தில் பன்றிகளை எங்கே ஓட்டிவிடலாம் என்று பாட்டன் காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்திருந்த முறை அது. நிலம் ஊருக்குப் பொது. அதில் புழங்கும் உரிமைக்கு 'அதெம்பிரீவியோ' என்று சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊர்க்காரர்களுக்கோ அது 'அறிந்தது', அவ்வளவுதான்.

அந்த நிலத்துக்குத்தான் வேலி வந்தது. 1820-இல் வந்த அரச ஆணை, நிலத்தைச் சுவரோ வேலியோ போட்டு வளைத்துக்கொள்ள அனுமதி தந்தது. வசதி இருந்தவர்கள் பொதுமேய்ச்சலையும் சேர்த்து வளைத்தார்கள். இப்படி அடைத்த நிலத்துக்கு 'தாங்கா' என்று பெயர். 'மூடு' என்று பொருள்படும் கத்தலான் வினையிலிருந்து வந்த சொல். ஒன்று அறிந்தது, இன்னொன்று மூடியது. அந்த நூற்றாண்டின் சார்தீனியச் சண்டை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றும். 1865-இல் ஒரு சட்டம் அதெம்பிரீவியோ உரிமைகளையே ஒழித்தது.

1868 ஏப்ரல் 26 அன்று சார்தீனியாவின் நுவோரோ நகரில் மக்கள் திரண்டு நகராட்சிக் கட்டடத்துக்குள் புகுந்து, பொதுநில விற்பனைப் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அன்று முழங்கியது 'அ சு கொன்னொத்து!': அறிந்ததற்கே திரும்புவோம். கூட்டத்தின் முன்னால் நின்றவராக இன்றும் நினைக்கப்படுபவர் பாஸ்கெத்தா சாவு என்ற பெண்.

நுவோரோவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஓர்கோசோலோ இருக்கிறது. ஏறக்குறைய 4,000 பேர் வாழும் இடையர் ஊர். 1969-இல் அதன் பொதுமேய்ச்சல் நிலமான பிராத்தோபெல்லோவில் ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி நடத்த முடிவு செய்து, மந்தைகளை ஓட்டிக்கொண்டு போகும்படி அறிவிப்பு ஒட்டியது. ஜூன் மாதம் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஊரே மேய்ச்சல் வெளிக்குப் போய் உட்கார்ந்தது. ராணுவம் பின்வாங்கியது. நூறு வருடம் கழித்தும் அவர்கள் காத்து நின்றது அதே பொருளைத்தான். 2024-இல் காற்றாலைகள் நிலத்தை விழுங்குவதை எதிர்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சார்தீனியர்கள் கையெழுத்திட்ட சட்ட முன்மொழிவுக்கும் பிராத்தோபெல்லோவின் பெயரையே வைத்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மரபு' என்று போட்டுவிடலாம். ஆனால் அது இலக்கியம், இசை, மரபணு வரைக்கும் பரந்து கிடக்கிறது; நிலத்தின் மீது உரிமை என்ற அழுத்தம் அதில் விழாது. 'மாமூல்' என்ற அரபுச் சொல்லின் ஆதிப்பொருள் மிகவும் நெருக்கம். ஆனால் இன்று கேட்டால் கடைக்காரரிடம் கை நீட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். 'வழக்கு' நல்ல சொல், ஆனால் நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டது.

நான் எடுப்பது 'வழமை'. தமிழ்நாட்டில் இது அரிதாகிவிட்டது. ஈழத்தில் அன்றாடச் சொல். யாழ்ப்பாணத்தில் காணி, முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் பற்றி ஊர் அறிந்திருந்த முறைகளை 1707-இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தபோது அதற்கு அமைந்த பெயர் 'தேசவழமை'. இன்றும் அது சட்டம். எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நிலத்தோடு ஒட்டியது, உரிமையாகக் கேட்கக்கூடியது: மூன்றும் இந்தச் சொல்லில் இருக்கின்றன. நுவோரோவின் முழக்கத்தை 'வழமைக்கே திரும்புவோம்' என்று எழுதலாம். சொல்லுக்குச் சொல் வேண்டுமென்றால் மட்டும், பக்கத்தில் 'அறிந்தது' என்று ஒரு குறிப்புப் போடலாம்.