ரிசீவருக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்

வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்தித் தருவதும், அது மக்கர் செய்யும்போது போய்ப் பார்ப்பதும் என் வேலை. நான் பார்ப்பதில் பெரும்பாலானவை நடுத்தர விலை ஏவி ரிசீவர்கள்; டிவி, செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள். புகார்கள் ஏறக்குறைய மூன்றுதான்: சத்தம் போதவில்லை, வசனம் புரியவில்லை, படம் ஓடும்போதே அணைந்துபோகிறது. கூடவே ஒரு கேள்வியும் வரும்: “இதக் குடுத்துட்டுப் பெரிசா ஒண்ணு வாங்கிடலாமா சார்?” பெரும்பாலான வீடுகளில் என் பதில், வேண்டாம். பெட்டியில் குறை இருக்காது. அதை வைத்த இடத்திலோ, முதல் நாள் யாரோ போட்டுவிட்டுப் போன செட்டிங்கிலோதான் இருக்கும்.

முதலில் வாட்ஸ் கணக்கு. யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற ரிசீவரை எடுத்துக்கொள்வோம். அதன் விவரப் பட்டியலில் மூன்று எண்கள் இருக்கும். ஒரே ஒரு சேனல் (அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் பாதை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்றால் 135 வாட்ஸ். அதே ஒரு சேனலை 0.9 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்தால் 100. இரண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீதம் என்றால் 70. மூன்றும் 6 ஓம் ஸ்பீக்கர் சுமையில் அளந்தவை, மூன்றும் உண்மையே. கடைக்காரர் நமக்குப் படித்துக் காட்டுவது முதல் எண்ணை மட்டும். ரிசீவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு சேனல், முழு அலைவரிசை என்று போட்டிருக்கும் எண்ணையே பாருங்கள். அதிலும் 70-க்கும் 100-க்கும் காதில் விழும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலே 3 டெசிபல்தான் கூடும். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தள்ளி அந்த 88 டெசிபல் சத்தம் கேட்கும்; பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். நம் ஊர் ஹாலுக்கு இந்த ரிசீவர்கள் தாராளம்.

சரி, சூட்டுக்கு வருவோம். எனக்கு அதிக வேலை கொடுப்பது இதுதான். இந்த விலை ரிசீவர்களில் பெரும்பாலும் இருப்பது கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர். பாட்டே ஓடாமல் சும்மா ஆனில் இருந்தாலும் சுடும். அந்தச் சூடு மேல்மூடியின் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். நம் வீடுகளில் அதற்கு மேலே செட்டாப் பாக்ஸ், அதற்கு மேலே வைஃபை ரவுட்டர், அதற்கும் மேலே தூசி படியாமல் இருக்க ஒரு எம்பிராய்டரி துணி!

வேளச்சேரியில் ஒரு வீடு. கார்பென்டர் அழகாக டிவி யூனிட் செய்து, ரிசீவர் வைக்கும் தட்டுக்குக் கண்ணாடிக் கதவும் போட்டிருந்தார். “இன்டர்வலுக்கு அப்புறம்தான் சார் நிக்குது, முதல் பாதி நல்லாத்தான் ஓடுது” என்றார் வீட்டுக்காரர். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. மேல்மூடியில் கையை வைத்திருக்க முடியவில்லை. சூடு தாங்காமல் ரிசீவர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. யூனிட்டின் பின்பலகையில் பெரிய சதுரமாக வெட்டச் சொல்லி, ஒரு சின்ன ஃபேன் வைத்து, படம் பார்க்கும்போது கதவைத் திறந்தே வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சர்வீஸுக்கு எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

அணைந்துபோனால்கூட நல்லது, எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. அணையாமல் தினமும் வெந்துகொண்டே இருக்கும் ரிசீவர்தான் மோசம். உள்ளே மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். படத்தையும் ஒலியையும் வாங்கும் எச்டிஎம்ஐ போர்டும் சூட்டில்தான் சாகிறது. அதை மாற்றும் செலவைக் கேட்டால் பலரும் புது ரிசீவர் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மேலே ஒரு சாணுக்குக் குறையாமல் இடம் விடுங்கள், பக்கங்களிலும் பின்னாலும் நாலு விரற்கடையாவது இருக்கட்டும். கையேட்டில் இதைவிட அதிகம் கேட்டிருந்தால் அதைக் கொடுங்கள். இன்னொன்று: ஸ்டாண்ட்பையில் இருக்கும் இளஞ்சூடு கரப்பான்பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். பல வீடுகளில் மூடியைத் திறந்தால் குடும்பமே உள்ளே இருக்கிறது. டிவி யூனிட் பக்கத்தில் வைத்துச் சாப்பிடாமல் இருந்தாலே பாதிக் கூட்டம் குறையும்.

வசனம் புரியவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அந்த மைக். ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அறையை அளக்கும் வசதி ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் உண்டு. அதைச் செய்யும்போது தலைக்கு மேலே ஃபேன் ஓடும், அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும், மைக் சோபாவின் கைப்பிடியில் கிடக்கும். ஃபேனை நிறுத்தி, மைக்கை உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஒரு ட்ரைபாடில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். முடிந்ததும் மெனுவுக்குள் போய், ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதற்குக் கீழே உள்ள கனத்த பேஸ் ஒலியின் சுமை, அதற்கென்றே இருக்கும் சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவரும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில் வருவதால் அதை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றலாம். தட்டுக்குள் ஆழமாகத் தள்ளியிருந்தால் விளிம்புக்கு இழுத்து வையுங்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்தால் பல டிவிகளில் வெறும் ஸ்டீரியோதான் வெளியே வரும். பாஸ்த்ரூ (வரும் ஒலியை அப்படியே அனுப்புவது) அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சரவுண்ட் ஒலி ஆப்டிகல் வயரில் போகாது, டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாகத்தான் போகும்.

பாட்டுக்கு வேறு கணக்கு. எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும் மோடில் இளையராஜா பாட்டைக் கேட்டுவிட்டு “கணீர்னு இல்ல சார்” என்பார்கள். இரண்டு சேனலுக்குக் கலந்த பாட்டு அது, ஸ்டீரியோவில் கேளுங்கள். ‘ப்யூர் டைரக்ட்’ பட்டனை அழுத்தினால் தரம் கூடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பல மாடல்களில் அதை அழுத்தினால் அறைக்கான திருத்தமும் சப்வூஃபரும் சேர்ந்தே போய்விடும். சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கமே காணாமல் போகும்.

வயர் பற்றிச் சுருக்கமாக: செம்புப் பிசிறு ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலே ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகும் ‘புரொடக்ட்’ மோடுக்குப் போய்விடும். வயர் முனையில் பனானா பிளக் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அங்கேயே நின்றுவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் ரிசீவரை ஓட்டாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கையில் பணம் இருந்தால் சப்வூஃபருக்கோ முன் ஸ்பீக்கர்களுக்கோ போடுங்கள். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். ரிசீவரின் எச்டிஎம்ஐ தலைமுறை அதற்குள் எத்தனையோ முறை மாறிவிடும். பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கியிருக்கிறோம், ரிசீவர் நொடிக்கு 120 ஃப்ரேம் ஓடும் 4கே படத்தை ஏற்கவில்லை என்பதற்காகக்கூட மாற்ற வேண்டியதில்லை. கன்சோலை நேராக டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் ஏஆர்சியில் ரிசீவருக்கு அனுப்பினால் போதும்.