சிறப்பு வெளியீட்டுப் போர்பனில் எவ்வளவு தண்ணீர்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து சிறப்பு வெளியீடாக வரும் போர்பன் விஸ்கிகளில் பல, பீப்பாயில் இருந்த வீரியத்துடனேயே (ஆல்கஹால் அளவுடனேயே), தண்ணீர் கலக்கப்படாமல் புட்டியில் அடைக்கப்படுகின்றன. வழக்கமான புட்டிகளில் ஆல்கஹால் பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்க, ஜார்ஜ் டி. ஸ்டாக் என்ற சிறப்பு வெளியீட்டுப் போர்பன் சில ஆண்டுகளில் 70 சதவீதத்தையே தாண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி, போர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாயில் அதை ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தை மீறக் கூடாது. அவ்வாறு ஊற்றியது 70 சதவீதத்துக்கு ஏறுவதற்கு, பீப்பாய்கள் வைக்கப்படும் கிடங்கின் மேல்தளங்களே காரணம். கோடையில் அங்கே வெப்பமும் வறட்சியும் மிகுவதால், ஓக் பலகையின் வழியே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் விரைவாக வெளியேறி, எஞ்சிய மதுவின் வீரியம் ஆண்டுதோறும் கூடுகிறது. ஈரமும் குளிர்ச்சியும் மிக்க ஸ்காட்லாந்துக் கிடங்குகளில் வீரியம் குறைவதே வழக்கம்.

அதே வெப்பம் மதுவை மரத்துக்குள் செலுத்துகிறது. குளிர்காலம் அதை மீண்டும் வெளியே இழுக்கிறது. கருக்கும்போது சிதைந்த மரப்பொருள்களில், லிக்னினிலிருந்து வெனிலா மணம் தரும் வனிலினும், ஹெமிசெல்லுலோசிலிருந்து கருகிய சர்க்கரையின் சுவையும், ஓக்கின் லாக்டோன் என்ற சேர்மத்திலிருந்து தேங்காய் வாசனையும் சேர்கின்றன. சுவைஞர் கிராம்பு என்று குறித்தால் அது வெறும் உவமை அன்று. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்ற சேர்மமே ஓக்கிலும் உள்ளது.

இவ்வளவு செல்வத்தையும் நாக்கு உடனே அறிவதில்லை. மிளகாயின் காரத்தை உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பி, வழக்கமாக ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் விழித்துக்கொள்ளும். மதுவின் ஆல்கஹாலான எத்தனால் அந்த எல்லையை ஏறத்தாழ 34 டிகிரிக்கு இறக்கிவிடுவதால், வாயின் சொந்த வெப்பமே எரிச்சலாகத் தோன்றுகிறது. அந்த எரிச்சலின் மறைவில் மென்மையான மணங்கள் தெரியாமல் போகின்றன.

தண்ணீர் இங்கேதான் உதவுகிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வில், புகைமணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும் கலவையில் மேற்பரப்பை ஒட்டியே நின்றது. 59 சதவீதத்துக்கு மேல் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொண்டது. மூக்கை எட்டும் மணம் மேற்பரப்பிலிருந்தே எழுகிறது. ஆய்ந்தது ஒரே மூலக்கூறைத்தான் என்பதால், எல்லா மணங்களுக்கும் இதே விதி என்று கொள்ளலாகாது.

ஆயினும், “சில துளித் தண்ணீர் போதும்” என்ற பரவலான அறிவுரையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 70 சதவீத வீரியமுள்ள 30 மில்லிலிட்டரில் 1 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்தால் வீரியம் ஏறத்தாழ 68 சதவீதமாகத்தான் குறையும்; 45 சதவீதத்தை எட்ட ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் தேவை, அதாவது ஊற்றிய மதுவில் பாதிக்கும் மேல். ஆகவே, முதல் மிடற்றைத் தண்ணீரின்றிச் சுவைத்தபின், அளவுக்குழாயால் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்து முகர்ந்து, எந்த அளவில் எந்த மணம் தோன்றியது, எது மறைந்தது என்று எழுதும் மதிப்புரையையே நான் நம்புவேன். எந்த மது என்று சொல்லாமல் வேறொருவர் ஊற்றித் தருவதும், அதே வடிசாலையின் வழக்கமான புட்டியை அதே வீரியத்துக்குக் குறைத்து அருகில் வைப்பதும் இன்னும் நேர்மையானவை. அப்போது ஒப்பிடப்படுவது பீப்பாய் தந்த சுவையே தவிர, புட்டியின் விலையோ அரிய தன்மையோ அன்று.