ஐ7 என்ற எழுத்தை மட்டும் பார்த்து கேமிங் கணினி வாங்குகிறவர்களுக்கு

ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் பவர் சப்ளை என்று விளம்பரத்தில் எழுதி விற்கப்பட்ட ஒரு ‘கேமிங் கணினி’ சென்ற வாரமும் என் பணிமேசைக்கு வந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்த விளையாட்டைத் திறந்தாலும் படம் திக்கித் திக்கி நகர்கிறது, புதிதாக வாங்கிய ஒன்று தொடங்கவே மறுக்கிறது என்பது அந்த மாணவரின் குறை. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது 2012இல் வெளிவந்த ஐ7-3770, டிடிஆர்3 என்னும் பழைய வகை ரேம், ஜிடி 730 என்னும் மிக எளிய கிராபிக்ஸ் கார்டு, அவற்றைச் சுற்றி வண்ண விளக்கு எரியும் ஆறு மின்விசிறிகள். விளம்பரத்தில் இருந்த எண்களில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் உண்மைதான் என்பதே எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போடலாம்.

கணினி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால் இந்தக் கதையை வெவ்வேறு முகங்களிடமிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: “ஐ7தானே போட்டிருக்கிறேன், பிறகு ஏன் ஓடவில்லை?” ஆகவே இதை ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் எது மேல், எது கீழ் என்று காட்டுவதற்காக இன்டெல் நிறுவனம் வைத்த வரிசைப் பெயர்கள். வெவ்வேறு ஆண்டுகளில் வந்த இரண்டு பிராசசர்களை ஒப்பிட அவை எதற்கும் உதவாது. 2011 ஜனவரியில் வந்த ஐ7-2600இல் நான்கு கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) எட்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைவரிசைகள்) உள்ளன. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100இலும் அதே நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள்தான். ஆனால் ஒற்றைக் கோரின் வேகத்தில் அந்த ஐ3, இந்த ஐ7ஐ ஏறத்தாழ இரு மடங்கு மிஞ்சுகிறது. விளையாட்டுகள் பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தையே நம்பியிருப்பதால், பெயரில் இரண்டு படி கீழே தெரிகிற அந்த ஐ3தான் உங்களுக்கு வேண்டியது.

வேகத்தோடு முடிந்துபோகிற சங்கதியும் அல்ல இது. ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுப்பு 2013இல் நான்காம் தலைமுறையோடுதான் இன்டெல் பிராசசர்களுக்கு வந்தது; அது இல்லாத பிராசசரில் சில புதிய விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர்களிலிருந்தும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஆதரவு தருகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வேலரன்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கினால்தான் உள்ளே விடும். இத்தனைக்கும் பிறகு, “ஆனாலும் ஐ7 ஐ7தானே?” என்று கேட்கிறவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை அல்ல. மேசைக் கணினிப் பிராசசர்களில், ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணில் நான்கு இலக்கங்கள் இருந்தால் முதல் இலக்கமும், ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களும் தலைமுறையைச் சொல்கின்றன. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது முதல் தலைமுறை, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். விற்பவர் அந்த எண்ணைச் சொல்லாமல் “லேட்டஸ்ட்தான்” என்று மழுப்பினாலும் அப்படியே. எண்ணின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. இதே தவறின் இன்னொரு வடிவம், சர்வர்களிலிருந்து கழித்துவிடப்பட்ட ஜியான் பிராசசர்களை ‘14 கோர்’ என்று பெருமையாக விற்பது. வீடியோ ரெண்டரிங் செய்பவருக்கு அந்தக் கோர்கள் பயன்படலாம், ஆனால் விளையாடுபவரின் கணினியில் அவற்றில் பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பிராசசரை விடவும் விளையாட்டைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. அங்கேயும் மக்கள் ‘எத்தனை ஜிபி’ என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கார்டின் நினைவகம் தொட்டி என்றால், அதற்கும் சிப்புக்கும் இடையே தரவு போய்வரும் வேகம் குழாய். குழாய் ஒல்லியாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி ஒரு பயனும் இல்லை. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கப்பட்டன. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டதன் தரவு வேகம் நொடிக்கு 48 ஜிபி. பின்னால் வந்த டிடிஆர்4 வகையில் அது 16.8 ஜிபி மட்டுமே. பெட்டியின் முகப்பில் பெயர் ஒன்றேதான். வேறுபாடு நினைவகத்தோடும் நிற்பதில்லை: ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிபி வகையில் 1280 கோர்கள், 3 ஜிபி வகையில் 1152. ஆர்டிஎக்ஸ் 3050இன் 8 ஜிபி வகையில் 2560 கோர்கள், பின்னர் வந்த 6 ஜிபி வகையில் 2304. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரில் 580ஆக இருந்தாலும் கோர் எண்ணிக்கையில் 570தான். ஆகவே கார்டின் முழுப் பெயர், நினைவகத்தின் வகை, அதன் பிட் அகலம் (அதாவது குழாயின் அகலம்) ஆகிய மூன்றையும் எழுதி வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்க நினைப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அந்தக் கார்டு, மதர்போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ என்ற இணைப்பில் நான்கு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறை பிசிஐஇ கொண்ட பழைய மதர்போர்டில், அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் வெகுவாகத் தடுமாறும்.

பழைய கார்டு வாங்குவதை நான் குறை சொல்வதில்லை. பணம் குறைவாக இருக்கும்போது பல வேளைகளில் அதுவே புத்திசாலித்தனமான தேர்வு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் பலவற்றில் மின்விசிறியையும் வெப்பப் பசையையும் மாற்றினாலே போதும், இன்னும் ஓடுகின்றன. ஆனால் என்விடியாவின் பழைய ஃபெர்மி சிப் கொண்ட கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸையே நம்பவைக்கும் போலிக் கார்டுகளும் அதே சந்தையில் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், இத்தகைய போலிகளில் பலவற்றைப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று குறிப்பிட்டுக் காட்டிவிடும். அதைத் திறந்து பார்க்க விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி பவர் சப்ளை. இதைப் பற்றிப் பேசும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்தது, 500 வாட் என்று எழுதியிருக்கிறது, போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. நான் மேலே சொன்ன கணினியில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். நடுத்தரமான ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் கேட்கும், 65 வாட் என்று குறிப்பிடப்படும் ரைசன் பிராசசர் முழுச் சுமையில் 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும், இரண்டுமே சேர்ந்து 220. மதர்போர்டு, மின்விசிறிகள், டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இப்படிப்பட்ட பவர் சப்ளை ஓடும்போது திடீரென அணைவதோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். மிகை மின்னழுத்தப் பாதுகாப்பு இல்லாதது சாகும்போது கார்டையும் மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகும்.

80 பிளஸ் முத்திரை இருந்தால் தரமானது என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. அந்தச் சான்று, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா, அவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதை அது சோதிப்பதில்லை. போலி முத்திரைகளும் ஒட்டப்படுகின்றன. உங்கள் மாடலைப் பிரித்துச் சோதித்து எழுதியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் படியுங்கள். கார்டுக்குத் தேவையான 6 பின், 8 பின் இணைப்பு பவர் சப்ளையிலேயே இருக்க வேண்டும். 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது, சாட்டா மின்னிணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது; ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அடாப்டரைப் போட்டுவிட்டு, கருகிய பிளாஸ்டிக்கை என்னிடம் கொண்டுவந்து காட்டாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்கி, நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டாக இருந்தால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும். மதர்போர்டின் கையேட்டில் படமே இருக்கும். 3200 என்று அச்சிட்ட ரேம், மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கும் வரை பல வேளைகளில் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி கட்டாயம், ஆனால் விளையாட்டுக்கு மட்டும் என்றால் சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் பெரும்பாலும் உணரமாட்டீர்கள். விலை சமமாக இருந்தால் பின்னதை எடுங்கள். மதர்போர்டில் ஆடம்பரம் வேண்டாம், ஆனால் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி பலவீனமாக இருக்கிற, அதன்மேல் வெப்பம் கடத்தும் ஹீட்சிங்க்கும் இல்லாத மலிவுப் பலகையில் எட்டுக் கோர் பிராசசரைப் பொருத்தினால் அந்தப் பகுதி சூடேறி, பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய கேபினெட்டைவிட, விளக்கே இல்லாத, வலைமுகப்புக் கேபினெட் எவ்வளவோ மேல். பிராசசருக்கும் கார்டுக்கும் பொருத்தம் சதவீதத்தில் சொல்லும் ‘பாட்டில்நெக் கால்குலேட்டர்’ தளங்களை நம்பி என்னிடம் வாதிட வராதீர்கள். எந்த விளையாட்டு, என்ன தெளிவுத்திறன் என்று கேட்காத கணக்கு கணக்கே அல்ல.

உண்மையில் எல்லாத் தேர்வும் அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். என்ன விளையாடப் போகிறீர்கள், உங்கள் மானிட்டர் என்ன? 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு நொடிக்கு அறுபதுக்கு மேற்பட்ட பிரேம்களுக்காக (படங்களுக்காக) கடன் வாங்க வேண்டியதில்லை. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கு ஒதுக்குங்கள், அந்தக் கார்டுக்கு ஏற்ற பவர் சப்ளையை அடுத்து முடிவு செய்யுங்கள், மிஞ்சியதில் பிராசசரையும் மதர்போர்டையும் பாருங்கள். அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால், வீட்டில் கெஞ்சிப் பெற்ற பணத்தை ஒரு மோசமான கார்டில் கொட்ட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள பிராசசர், இரண்டு குச்சி ரேம், தரமான பவர் சப்ளை ஆகியவற்றோடு தொடங்குங்கள். இலகுவான போட்டி விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். கார்டை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நிம்மதியாக வாங்கிச் சேர்க்கலாம்.

ரசீதில் ‘கேமிங் கணினி – 1’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும், சீரியல் எண்ணும், உத்தரவாதக் காலமும் தனித்தனியே இருக்க வேண்டும். பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றுக்காகவே கணினியைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு, அவர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை.

பிற்காலத்தில் பவர் சப்ளையை மாற்ற நேர்ந்தால், பழையதன் கழற்றக்கூடிய கேபிள்களைப் புதியதில் செருகிவிடாதீர்கள். கார்டில் செருகும் முனை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, பவர் சப்ளையில் செருகும் முனைக்கு அப்படிப் பொதுவான வரையறை கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம், துளையில் கச்சிதமாகப் பொருந்தியும்விடும். அப்படி மாறியிருந்தால் சுவிட்சைப் போட்ட நொடியிலேயே டிஸ்க் எரிந்துவிடக்கூடும். பழைய பவர் சப்ளையைக் கழற்றும்போதே அதன் கேபிள்களையும் அதே பெட்டிக்குள் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள்.