பயோஃபிலிம்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?

இறால் குஞ்சு பொரிக்கற ஹேச்சரில டேங்க்கைக் காலி பண்ணதும் உள்சுவத்துல விரலை வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க, வழவழன்னு ஒண்ணு கையோட வரும், தண்ணில காத்துக் குமிழி விடற ஏர் ஸ்டோன்லயும் காத்து ட்யூப் உள்ளயும் அதே வழுக்கல்தான். "பாசி புடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா பாசி வேற, இது வேற. பாக்டீரியாங்க ஒரு பரப்புல ஒட்டி, தாங்களே சுரந்த கோந்துக்குள்ள கூட்டமா குடியிருக்கு, அதான் பயோஃபிலிம்.

பயாஸ்னா கிரேக்கத்துல உயிர், வாழ்வு. ஃபிலிம் பழைய ஆங்கிலச் சொல், மெல்லிசான தோல், சவ்வுன்னு அர்த்தம், சினிமா ஃபிலிம் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. 1683லயே லேவன்ஹூக்ங்கிற டச்சுக்காரர் பல்லுல படிஞ்ச மாவைச் சுரண்டி லென்ஸ்ல பாத்து, உள்ள உயிருங்க நெளியுதுன்னு எழுதிட்டார், பல்லுல படியறதும் பயோஃபிலிம்தான். இந்தப் பேரைப் பரவலாக்கினதுல 1978 வாக்குல காஸ்டர்டன்ங்கிற விஞ்ஞானிக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ்ல உயிர்ப்படலம், உயிரிப்படலம்னு எழுதறாங்க. எனக்கு நுண்ணுயிர்ப் படலம்தான் சரின்னு படுது, யாரு கட்டின படலம்னு அதுலயே தெரிஞ்சிடும். கண்ணுல படலம் விழுந்திருக்குன்னு சொல்றோமே, அந்தப் படலம்தான் இது. காப்பியத்துல வர்ற படலத்தோட குழப்பிக்க வேணாம்.

இப்ப நோய்க்கு வருவோம். விப்ரியோ ஹார்வேயின்னு ஒரு பாக்டீரியா, இருட்டுல மினுங்கும், இது தாக்கின இறால் லார்வாவும் (இளங்குஞ்சு) ராத்திரில மினுங்கும், அப்புறம் கொத்துக்கொத்தா சாகும். உடனே தண்ணி மாத்துவாங்க, ஆன்டிபயாட்டிக் ஊத்துவாங்க. தண்ணில மிதக்கறது சாகும், சுவத்துல இருக்கறது தப்பிச்சிடும், ஏன்னா கோந்தைத் தாண்டி மருந்து உள்ள போக நேரமாகுது, உள்ள இருக்கறதும் மெதுவா வளருது, நிறைய வகை மருந்துங்க வேகமா வளர்ற பாக்டீரியாவைத்தான் நல்லா அடிக்கும். அடுத்த பேட்ச் விட்டதும் படலத்துலேந்து பிரிஞ்சு திரும்பத் தண்ணில இறங்கிடும். மங்களூர் மீன்வளக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 1996லயே சிமென்ட், பிளாஸ்டிக், ஸ்டீல் மூணுலயும் ஹார்வேயி படலம் கட்டுறதையும் அது குளோரினைத் தாங்குறதையும் காட்டிட்டாங்க.

அதனால தயவுசெஞ்சு அழுக்கு மேலயே ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டாதீங்க, அந்த அழுக்கே குளோரினைத் தின்னுடும். முதல்ல பிரஷ் போட்டுத் தேய்ச்சு வழுக்கலை எடுக்கணும், அப்புறம்தான் குளோரின், அப்புறம் நல்லா அலசி வெயில்ல காயவிடணும். பழைய ட்யூபைத் தூக்கிப் போட்டுருங்க.

ஆனா எல்லாப் படலமும் எதிரி இல்ல. தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப விடற பண்ணைல பயோஃபில்டர்ல, அதாவது பாக்டீரியாவை வெச்சுத் தண்ணியைச் சுத்தம் பண்ற வடிகட்டில, படிஞ்ச படலம்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டா மாத்துது, அங்க குளோரின் போட்டா மீனுக்குத்தான் ஆபத்து. மங்களூர்லயே ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாங்கிற மீன் நோய் பாக்டீரியாவை, இறால், நண்டு ஓட்டுல இருக்கற கைட்டினோட துகள் மேல படலமா வளர்த்து, சூட்டுல கொன்னு, கெண்டை மீனுக்குத் தீவனத்துல கலந்து தடுப்பு மருந்தா குடுத்துப் பாத்திருக்காங்க, மருந்தைத் தடுக்கற அதே கோந்து, மீன் குடல்ல இந்தத் தடுப்பு மருந்து சீக்கிரம் செரிச்சுப் போகாம காப்பாத்துது.