குடிக்க ஒகேனக்கல் தண்ணி, களிக்கு போர் தண்ணியா?

தருமபுரிப் பக்கம் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு, வாயைத் திறந்ததுமே அடையாளம் தெரியும் கறை ஒன்று உண்டு. முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டு. கூடுதலானால் மஞ்சள், அப்புறம் காவி. பெரும்பாலும் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் பெண்ணை அழைத்து வருகிறார்கள். "சரியா விளக்க மாட்டா டாக்டர்" என்று அம்மாவே குறை சொல்வார். பாவம் அந்தப் பெண். விளக்காததால் வந்ததல்ல அது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போது உடலில் சேர்ந்த ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்ததன் அடையாளம். பூச்சு, கேப் என்று மறைக்கலாம். பழையபடி ஆக்க முடியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே கடினப் பாறை மாவட்டங்கள். பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்ற அளவு. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள்.

"அதான் ஒகேனக்கல் தண்ணி வருதுங்களே, புள்ளைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்பவர்களிடம் நான் அடுப்படியைப் பற்றித்தான் கேட்பேன். பதில் பல வீடுகளில் ஒன்றுதான்: குழாய்த் தண்ணீர் குடிக்க, உலைக்கும் குழம்புக்கும் போர் தண்ணீர். களி கிண்டுவதை யோசித்துப் பாருங்கள். உலை கொதித்து, நொய் வெந்து, மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறி இறக்கும்போது வடிப்பதற்கு ஒரு சொட்டு இருக்காது. ஊற்றிய தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு முழுவதும் உருண்டைக்குள்தான். பருப்பும் டீயும் அப்படியே. டீத்தூளிலேயே ஃபுளோரைடு உண்டு என்பது வேறு. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க மட்டும் போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம்; தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். மெழுகுவர்த்தி ஃபில்டர், யூவி, செப்புக் குடம் எதுவும் இதற்கு உதவாது. ஆர்ஓ நீக்கும், அதற்குள் வடிகட்டும் சவ்வான மெம்பரேன் நல்ல நிலையில் இருக்கும்வரை.

நாக்கையும் நம்ப முடியாது. சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீரைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் சுண்ணாம்புச் சத்து நிறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்பதில்லை. கடினத்தன்மை குறைந்த, காரத்தன்மை கூடிய போர் தண்ணீரில்தான் அது ஏறும். "எங்க போர் தண்ணி இளநி மாதிரிங்க" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம்தான் முதலில் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறேன். பல ஆண்டுகள் ஃபுளோரைடு அளவுக்கு மீறி உடலுக்குள் போனால் இடுப்பும் கழுத்தும் விறைக்கும், குனிய முடியாது. அது பல் மருத்துவர் கையில் தீரும் காரியமல்ல.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசிப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்; ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். ரிப்போர்ட்டில் டிடிஎஸ்ஸை, அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், ஃபுளோரைடு வரிக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். விவசாய நிலத்துக் கிணறு என்றால் நைட்ரேட்டையும். அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.